ஊர் சுற்றிய இன்ஜின்கள்

போன பங்குனியில் மாமா போன் செய்தார்.

"மருமகனே, தாத்தா இன்ஜின எடைக்குப் போட்டுறவா? ஷெட்டுல பாதி எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. பழைய இரும்புக்காரன் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டுப் போயிட்டான்."

அந்த இன்ஜின் ஓடி இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அதை விற்க என்னிடம் ஏன் கேட்கிறார் என்று யோசித்தேன். பிறகுதான் புரிந்தது. வேண்டாம் என்று யாராவது சொல்லவேண்டும், அவ்வளவுதான். "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்று சொல்லி வைத்தேன்.

மாமாவின் ஷெட் கிருஷ்ணன்கோவிலில் இருக்கிறது. மதுரை–கொல்லம் ரோட்டிலிருந்து வத்திராயிருப்புக்குப் பிரிகிற முக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம். சதுரகிரிக்குப் போகிறவர்களுக்கு இந்த முக்கு தெரிந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமிக்கு வேன்கள் இங்கேதான் திரும்பும். 1984-ல் தொடங்கிய பெரிய இன்ஜினியரிங் கல்லூரியும் இதே ஊர்தான். நான் அதில் மெக்கானிக்கல் படித்தேன். நாலு வருஷமும் காலையில் அங்கே தெர்மோடைனமிக்ஸ், சாயங்காலம் மாமா ஷெட்டில் டீ.

ஷெட்டுக்கு வராத இன்ஜின் கிடையாது. லாரி வரும், டிராக்டர் வரும், எஸ்டேட் ஜீப் வரும். கிணற்றடியிலிருந்து பம்ப்செட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மாவு மில்லுக்கும் திருவிழா ஜெனரேட்டருக்கும் மாமாவே நேரில் போவார். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் கை வேலை கற்றவர். இத்தனை இன்ஜினையும் ஒரு ஆள் எப்படித் தெரிந்துவைத்திருக்க முடியும்? மாமா ஒரு மேதை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேதைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் விஷயம் வேறு. மாமாவுக்குத் தெரிந்தது மொத்தம் ஐந்தாறு இன்ஜின். அவையேதான் வேஷம் மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தன.

*

தாத்தாவின் இன்ஜின் ஒரு 'லிஸ்டர் டைப்'. டைப் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியில் டர்ஸ்லி என்றொரு சிற்றூர். அங்கே 1867-ல் தொடங்கிய ஆர்.ஏ. லிஸ்டர் கம்பெனி பண்ணைக் கருவிகள் செய்துகொண்டிருந்தது. 1930 வாக்கில் சி.எஸ். என்ற டீசல் இன்ஜின் வரிசையை அது கொண்டுவந்தது. சி.எஸ். என்றால் கோல்ட் ஸ்டார்ட். அந்தக் காலத்து எண்ணெய் இன்ஜின்கள் பலவற்றுக்கு முதலில் விளக்கை வைத்துத் தலையைச் சுட வைக்கவேண்டும், அப்புறம்தான் உயிர் வரும். லிஸ்டருக்கு அது வேண்டாம். வால்வைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைப் போட்டு நாலு சுற்று வேகமாகச் சுற்றி, வால்வை விட்டால் 'டுப்' என்று பிடித்துக்கொள்ளும்.

ஒரே சிலிண்டர். நாலரை அங்குல போர், ஐந்தரை அங்குல ஸ்ட்ரோக். முதலில் ஐந்து குதிரைத்திறன், பிறகு ஆறு. இரண்டு பக்கமும் கனமான ஃப்ளைவீல். ஆறு குதிரை ரகம் நிமிஷத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். இப்போதைய கார் இன்ஜின் சும்மா நிற்கும்போதே இதைவிட வேகமாகச் சுற்றும். நொடிக்கு ஐந்து வெடிப்பு, கொஞ்சம் கூட. உட்கார்ந்து எண்ணிவிடலாம் போலிருக்கும். சின்ன வயதில் எண்ணிப் பார்த்து இருபத்திரண்டாவதில் தோற்றிருக்கிறேன்.

மெதுவாகச் சுற்றுவதுதான் அதன் ஆயுள் ரகசியம். தேய்மானம் குறைவு. வார்ப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், எண்ணெய் கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கடலெண்ணெய் ஊற்றினாலும் ஓடும் என்பார் தாத்தா. இதைக் கிராமத்துப் பெருமையடிப்பு என்று நினைத்திருந்தேன். 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜினைக் கடலெண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று கல்லூரியில் படித்தபோது தாத்தா உயிரோடு இல்லை. விருதுநகர் எண்ணெய் மண்டிக்காரர்கள் அந்தக் கண்காட்சிக்குப் போயிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

டர்ஸ்லியில் 1980-கள் வரை இந்த இன்ஜினைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு ரொம்ப முன்பே குஜராத்தின் ராஜ்கோட்டில் சின்னச் சின்னப் பட்டறைகள் அதைப் பார்த்து வார்க்கத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தில் லிஸ்டருக்குப் போட்டிக் கம்பெனி ஒன்று உண்டு, யோவில் என்ற ஊரின் பெட்டர். அதன் இன்ஜினைப் பார்த்து ஆக்ராவில் வார்த்தார்கள். அங்கே இரண்டு கம்பெனிகளும் பல காலம் முட்டி மோதிவிட்டு 1986-ல் லிஸ்டர் பெட்டர் என்று ஒன்றாகின. அதற்குள் இந்தியச் சந்தையில் இரண்டும் கம்பெனிப் பெயராகவே இல்லை. 'லிஸ்டர் டைப்', 'பெட்டர் டைப்' என்று இரண்டு சாதிப் பெயர்களாகியிருந்தன.

காப்பியடித்தது நியாயமா என்ற கேள்விக்கு நான் போகவில்லை. எங்களுக்கு அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் இங்கே விஷயம். நூறு பேர் ஒரே அளவில் வார்த்தால், ஒருத்தர் செய்த இன்ஜினுக்கு இன்னொருத்தர் செய்த பிஸ்டன் பொருந்தும். ரிங், லைனர், நாசில், வால்வு எதுவானாலும் மதுரை ஸ்பேர் கடையில் 'லிஸ்டர் ஆறு' என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கமாட்டார்கள். தாத்தா இன்ஜினின் பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. அதை யார் செய்தது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

*

அறுபதுகளின் நடுவில் நில அடமான வங்கியில் கடன் வாங்கித் தாத்தா அதை வாங்கினார். அதுவரை கமலை. இரண்டு மாடு, ஒரு ஆள், தோல் சால், ஏற்ற இறக்கமாக ஒரு வாரி. காலையிலிருந்து உச்சி வெயில் வரை இறைத்தால் கொஞ்ச நிலம் நனையும். இன்ஜின் வந்த அன்று ஊரே கிணற்றடியில் கூடியிருந்ததாம். முதல் தண்ணீர் குழாயில் விழுந்ததும் பாட்டி குலவை போட்டாளாம். இது பாட்டியே சொன்னது.

கமலை இழுத்த மாடுகளுக்கு அதன்பிறகு வேறு வேலை. இன்ஜினை இழுக்கும் வேலை. அறுவடை முடிந்து கிணற்றில் தேவையில்லாத நாட்களில், தரையோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றி, இன்ஜினை வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கரும்பு ஆலைக்குப் பெல்ட் போடுவார்கள். மாரியம்மன் கோவில் பொங்கலுக்கு டைனமோ சுற்றி டியூப்லைட் எரியவைக்கும். பெல்ட்டின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இன்ஜினுக்குத் தெரியாது. வாடகை மட்டும் தாத்தாவுக்குத் தெரியும். கடனில் பாதி இப்படி அடைந்ததுதான்.

இதில் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடவேண்டாம். ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு போன ஆட்கள் ஊருக்கு இரண்டு பேராவது உண்டு. பெல்ட்டில் வேட்டி மாட்டும். மாமாவின் இடது கைச் சுண்டுவிரல் பாதிதான். கிணற்றுக்குள் நடந்தது இதைவிடக் கொடுமை. மேலிருந்து உறிஞ்சுகிற பம்ப் நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிக்கு மேல் தண்ணீரைத் தூக்காது. அது காற்றழுத்தத்தின் கணக்கு. எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் மாறாது. எங்கள் பக்கம் தண்ணீர் கீழே போகப் போக, கிணற்றின் பக்கவாட்டில் திட்டு வெட்டி, இன்ஜினையே கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். புகை வெளியே போகக் குழாய் போடவேண்டும். குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் புகை கிணற்றுக்குள்ளேயே தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இறங்கினவர் மேலே வரவில்லையே என்று பார்க்க இறங்கின இரண்டாவது ஆளும் வரமாட்டார். இப்படிச் செய்திகள் இன்றைக்கும் பேப்பரில் வருகின்றன. தாத்தா தன் இன்ஜினை ஒருநாளும் கிணற்றுக்குள் இறக்கவிடவில்லை. தண்ணீர் எட்டாத வருஷங்களில் நிலத்தைத் தரிசாகப் போட்டார். அதற்காக அவரைக் கையாலாகாதவர் என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு.

பிறகு கரண்ட் வந்தது, மோட்டார் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானதும் டீசல் ஊற்றி இறைப்பதற்கு அர்த்தம் இல்லாமல் போனது. போர்வெல்லும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்ததும் கிணறே வேண்டாமென்று ஆனது. தாத்தா இன்ஜின் அப்போதும் சாகவில்லை. ஒரு மாவு மில்லுக்குப் போனது. அங்கிருந்து ஜெனரேட்டராக ஒரு மைக்செட்காரரிடம். கடைசியில் மாமா ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

*

கிணற்றை விட்டு ரோட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு குடும்பம்.

சென்னை அண்ணா சாலையில் பெரியார் சிலைக்குப் பக்கத்தில் சிம்சன் என்று பேருந்து நிறுத்தமே உண்டு. சிம்சன் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி கட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. பிற்பாடு அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. 1950-களில் அவர்கள் பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை உரிமம் பெற்று இங்கே செய்யத் தொடங்கினார்கள்.

பெர்கின்ஸ் கதை சுவாரஸ்யமானது. ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932-ல் பீட்டர்பரோவில் கம்பெனி தொடங்கியபோது கார் செய்யவில்லை, லாரி செய்யவில்லை. இன்ஜின் மட்டும். அடுத்தவன் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைக்கக்கூடிய, வேகமாகச் சுற்றும் இலகுவான டீசல் இன்ஜின் செய்வதுதான் தொழில். வீடு கட்டாமல் கதவு மட்டும் செய்கிற ஆசாரி மாதிரி. எல்லா வீட்டுக்கும் பொருந்தவேண்டும்.

அவர்களுடைய 'பி' வரிசையைப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். மூன்றரை அங்குல போர், ஐந்து அங்குல ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டருக்கு 48 கன அங்குலம். மூன்று வைத்தால் பி3, 144 கன அங்குலம். நாலு வைத்தால் பி4, 192. ஆறு வைத்தால் பி6, 288. ஒரே செங்கல்லில் குடிசையும் கட்டலாம், மச்சு வீடும் கட்டலாம். மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு, ஆறு சிலிண்டர் லாரிக்கும் பஸ்ஸுக்கும். மூன்றைத் திறக்கத் தெரிந்தவன் ஆறைத் திறக்க அஞ்சமாட்டான்.

எழுபதுகளில் மதுரை ரோட்டில் டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் பெர்கின்ஸ் இன்ஜினோடு ஓடின. 1960-ல் தொடங்கிய டாஃபேயின் மாஸி ஃபெர்குசன் டிராக்டருக்குள் இருந்தது சிம்சனின் மூன்று சிலிண்டர். மாமா ராஜபாளையத்தில் முதலில் கழற்றியது லாரி இன்ஜின்தான். சொந்த ஷெட் போட்டபோது வந்தவை பெரும்பாலும் டிராக்டர்கள். "நானும் பயந்துக்கிட்டேதான் ஹெட்டக் கழட்டுனேன். உள்ள பாத்தா நம்ம ஆளு" என்பார்.

எங்கள் பக்கத்து டிராக்டர் உழுததைவிட மற்ற வேலை செய்ததுதான் அதிகம் என்று தோன்றுகிறது. பின்னால் ஒரு காற்று கம்ப்ரஸரை மாட்டி, டிராக்டர் இன்ஜினாலேயே அதைச் சுற்றவைத்து, கிணற்றுப் பாறையில் துளை போடுவார்கள். துளைக்குள் வெடி வைத்துத் தகர்ப்பார்கள். கோடை முழுக்க இந்தச் சத்தம் மலையடிவாரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். யோசித்துப் பாருங்கள். ஆயில் இன்ஜின் இறைத்து இறைத்துக் கீழே போன தண்ணீரைத் துரத்திக்கொண்டு டிராக்டர் இன்ஜின் பாறைக்குள் இறங்குகிறது. இரண்டுக்கும் ரிங் மாற்றுகிறவர் ஒரே ஆள், எங்கள் மாமா.

*

ஏன் இவ்வளவு குறைவான இன்ஜின்கள்? இதற்குப் பதில் டெல்லியில் இருக்கிறது. 1953-ல் டாரிஃப் கமிஷன் பரிந்துரையை அரசாங்கம் ஏற்றது. உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சிய சில கம்பெனிகள் ஆளுக்கொரு வெளிநாட்டு உரிமத்தைப் பிடித்துக்கொண்டன. லைசன்ஸும் அன்னியச் செலாவணியும் இல்லாமல் புது இன்ஜினை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே கையில் இருப்பதை எதில் எல்லாம் வைக்கலாம் என்று தேடினார்கள். வறுமையில் ஒரே புடவையை அக்கா தங்கச்சி மாற்றி மாற்றிக் கட்டுவது மாதிரிதான்.

இதனால் வந்த விசித்திரங்களைச் சொல்லி மாளாது. அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனியுடையது. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே 1489-தான், கொஞ்சம் முறுக்கேற்றியது. லண்டனில் பணக்காரப் பையன் காதலியை ஏற்றிக்கொண்டு பறந்த இன்ஜினும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டிலிருந்து எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு ஆண்டாள் தேருக்கு வந்த டாக்ஸியின் இன்ஜினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களாக ஓடிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும் இதே இன்ஜின் வகைதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் பொன்னாக ஆனபோது, அங்கே கொஞ்சம் பெட்ரோலைக் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதே வைத்தியம். ஊர் முழுக்க ஒரே மாதிரி பழைய இன்ஜின்கள் இருந்ததால், ஒருவர் கண்டுபிடித்த வித்தை மற்றவருக்கும் செல்லுபடியானது.

நம் பக்கம் 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் டீசலைத் தேடி ஓடினார்கள். மஹிந்திரா ஜீப்பில் டிராக்டர் இன்ஜினை வைத்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வழியில் வந்த இன்ஜின் அது. மலையடி எஸ்டேட்டுகளுக்கு ஏறுகிற ஜீப்பின் சத்தம் டிராக்டர் மாதிரியே இருக்கும், காரணம் அது டிராக்டரேதான். எண்பதுகளில் அதே ஜீப்புக்குப் பிரான்ஸிலிருந்து பியூஜோ கார் இன்ஜின் வந்து சேர்ந்தது. டெம்போ மேட்டடார் வேனில் இருந்தது பென்ஸ் கார் இன்ஜின். சித்தி கல்யாணத்துக்கு முப்பது பேர் மேட்டடாரில் போனோம். 'பென்ஸ்ல போனோம்' என்று சொல்லிக்கொள்ளாமல் விட்டது தப்பு. பழைய அம்பாசிடரில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மேட்டடார் இன்ஜினை இறக்கியவர்களும் உண்டு. மாமா இரண்டு செய்திருக்கிறார். "முன்னாடி கனம் கூடிப்போகும், ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை சேத்துக் குடுக்கணும்" என்று சமையல் குறிப்பு மாதிரி சொல்வார்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது டீசல் புல்லட். சென்னை திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்ட் புல்லட்டுக்குள் 325 சிசி டீசல் இன்ஜின். இத்தாலியின் லொம்பார்டினி வடிவமைத்து, இங்கே கிரீவ்ஸ் செய்தது. தண்ணீர் இறைக்கவும் ஜெனரேட்டர் சுற்றவும் பிறந்த இன்ஜின் வகை. ஆறரை குதிரைத்திறன். வேகம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு லிட்டருக்கு ஊரைச் சுற்றி வரும். பிறகு அதே கிரீவ்ஸ் பட்டறையின் ஒற்றை சிலிண்டர் டீசல்கள் ஆபே போன்ற மூன்று சக்கர வண்டிகளில் ஏறி ஷேர் ஆட்டோவாக நம்மைச் சுமந்தன.

ரோட்டோடு நிற்கவில்லை இது. எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்த ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின்களுக்கு 370, 400 என்று எண்கள் உண்டு. அவை கன அங்குலக் கணக்கு. ரேடியேட்டரை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரால் குளிரவைக்க ஏற்பாடு செய்து, முன்னும் பின்னும் போகிற கியர்பாக்ஸைப் பூட்டினால் அதுவே விசைப்படகு இன்ஜின். ராமேஸ்வரத்தில் லேலண்ட் இன்ஜின் என்றால் லாரியை யாரும் நினைக்கமாட்டார்கள். மாமா ஒருமுறை அங்கே ஒரு படகுக்காரருக்கு வேலை செய்யப் போய் நாலு நாளும் வாந்தியெடுத்துவிட்டு வந்தார். "இன்ஜின் அதேதான் மருமகனே, எடந்தான் ஆடுது."

சென்னையின் மீன்பாடி வண்டியையும் சொல்லாமல் விடக்கூடாது. மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைக் கட்டி, நம்பர் பிளேட் இல்லாமல் இரும்பும் மீனும் சுமந்த வண்டி. வடக்கே ஜுகாட் என்பதும் இதன் அண்ணன்தான், பம்ப்செட் இன்ஜினில் ஓடுவது. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஜுகாடும் மோட்டார் வாகனமே, பதிவும் இன்சூரன்ஸும் இல்லாமல் ஓடக்கூடாது என்றது. பிரேக் சரியாக இல்லாத வண்டியில் முப்பது பேர் போய்க் கவிழ்வதைப் பார்த்தால், தீர்ப்பில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

இந்த நூற்றாண்டில் இந்தியாவில் ஒரு இன்ஜின் எல்லா இன்ஜினையும் மிஞ்சிப் பகிரப்பட்டது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், 1248 சிசி. இத்தாலியில் ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி 2003-ல் வந்தது. இங்கே மாருதி மானேசரில் செய்தது, ஃபியட்டும் டாடாவும் புணே பக்கம் ரஞ்சன்காவ்னில் செய்தன. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட், புண்டோ, லீனியா, ஷெவர்லே செயில்... மூச்சு வாங்கும். 'தேசிய இன்ஜின்' என்று கார் பத்திரிகைகள் கேலியாகவும் பாசமாகவும் கூப்பிட்டன. நீங்கள் அந்தப் பத்து வருஷத்தில் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி பிடித்திருந்தால் பெரும்பாலும் அதன் சத்தத்தைக் கேட்டபடிதான் வந்திருப்பீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது மாருதி டீசலை விட்டது.

கணக்குப்படி பார்த்தால் இது மாமாவின் பொற்காலமாக இருந்திருக்கவேண்டும். பத்துப் பதினைந்து காருக்கு ஒரே இன்ஜின், ஒன்றைக் கற்றால் எல்லாம் கைவசம். ஆனால் நடந்தது அதற்கு நேர்மாறு.

முதல் மல்டிஜெட் ஷெட்டுக்கு வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் மூன்றாம் வருஷம். ஸ்டார்ட் ஆகவில்லை. மாமா பழக்கத்தில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்க்கக் கை கொண்டுபோனார். "மாமா, தொடாதீங்க!" என்று கத்தினேன். அன்று காலையில்தான் வகுப்பில் காமன் ரெயில் நடத்தியிருந்தார்கள். அதன் குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும். ஓடுகிறபோது பீய்ச்சினால் தோலைக் கிழித்து உள்ளே போகும். பழைய இன்ஜினில் நாற்பது வருஷமாக அவர் செய்த முதல் சோதனை, இதில் கையைப் பறிக்கும் சோதனை. மாமா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. புதுசாக ஒருத்தரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

எப்போது எவ்வளவு டீசல் தெளிக்கவேண்டும் என்பதைப் பழைய இன்ஜினில் ஒரு பல்சக்கரமும் ஒரு ஸ்பிரிங்கும் முடிவு செய்தன. கண்ணால் பார்க்கலாம், விரலால் அசைக்கலாம். மல்டிஜெட்டில் அதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. அதனுடன் பேச ஸ்கேனர் வேண்டும். கார் கம்பெனிக்குக் கம்பெனி ஸ்கேனரும் சாஃப்ட்வேரும் வேறு. இன்ஜினின் இரும்பு எல்லோருக்கும் பொது, அதன் மூளை மட்டும் தனித்தனி. இன்ஜின் இவ்வளவு பேருக்குப் பொதுவாக ஆன அதே காலத்தில்தான் அதைப் பற்றிய அறிவு பூட்டுக்குள் போனது. லிஸ்டர் டைப்பைப் பகிர்ந்தவர்கள் வார்ப்பட்டறைக்காரர்கள், மெக்கானிக்குகள், விவசாயிகள். மல்டிஜெட்டைப் பகிர்ந்தது நாலு போர்டு ரூம். இரண்டையும் ஒரே 'பகிர்வு' என்ற சொல்லால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புதிய இன்ஜின் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஃபார்கோ லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்கள் யாரும் பழையதற்காக ஏங்கமாட்டார்கள். புகை குறைந்ததற்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான் காரணம். ஆனால் காமன் ரெயிலைக் கற்றுக்கொள்ள மாமா தயாராகத்தான் இருந்தார். ஒரு சர்வீஸ் மேனுவலுக்காக இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். வெளியாளுக்குத் தரமாட்டோம் என்றார்கள். மாமாவிடம் அதைச் சொல்லவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அந்தப் பொய்யை அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

*

சித்திரையில் ஊருக்குப் போனேன். ஷெட்டில் இரண்டு டிராக்டர், ஒரு கதிரடிக்கிற மெஷின், உரித்துப் போட்ட ஒரு ஆபே. தாத்தா இன்ஜின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. சாக்கை எடுத்தோம். ஃப்ளைவீலில் கை வைத்துத் தள்ளினேன், அசையவில்லை. மாமா இன்னொரு பக்கம் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளியதும் 'க்ரக்' என்று கால் சுற்று நகர்ந்தது.

"ஜாமாகல" என்றார் மாமா. முகத்தில் ஒரு வெளிச்சம்.

அப்போது வாசலில் ஒரு பையன் டி.வி.எஸ். எக்ஸெலை நிறுத்தினான். இருபது வயது இருக்கும். வத்திராயிருப்புப் பக்கம் கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கிறானாம், கலவை மெஷினிலிருந்து கழற்றிய ஆறு எச்.பி. இன்ஜின். நாசில் போய்விட்டது. மதுரையில் நாளைக்குத்தான் கிடைக்கும், இன்றைக்கு சந்தை நாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்காம் நம்பர் ஸ்பானரை எடுத்துவந்து தாத்தா இன்ஜினின் தலையில் வைத்தார். நட்டு இறுகியிருந்தது, இரண்டு தட்டு தட்டி, எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருப்பிக் கழற்றினார். நாசிலை டீசலில் கழுவி, சோதிக்கிற கைப் பம்பில் பூட்டி ஒரு அடி அடித்தார். 'சிர்ர்' என்று சீராகத் தெளித்தது. பையன் எவ்வளவு என்று கேட்டான். புதுசு வாங்கியதும் இதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடு என்றார் மாமா.

பையன் போனதும் மாமா சாக்கைத் திரும்ப மூடினார்.

"எடைக்குப் போட்டா நாசிலுக்குன்னு தனியா எவனும் காசு தரப்போறதில்ல" என்றார். பிறகு டீ சொல்லப் போனார்.